ஒரே ஒரு ஈத்து

மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில்
ஒன்றாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
என் வம்சத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
ஜெம்லேயின் வம்சத்தைத்தான் கேட்டார்கள்.
துருவேறிய இரும்பின் நிறம் அவளுக்கு,
பெயருக்குப் பொருள் பன் ரொட்டி.
"இப்படியொரு விஷ்லாவை வைத்துக்கொண்டு
ஒரு ஈத்துகூட எடுக்காமல் விடுவாயா?"
என்றான் மாடிவீட்டு டெஜோ.
அவனிடம் ஆண் நாய் இருந்தது.

நான் அவசரப்படவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு வயது முடியட்டும் என்று காத்திருந்தேன்.
இடுப்பெலும்புப் படம், கண் சோதனை,
புதுக் கோட்டுக்கு வைத்திருந்த பணம் அதில் போனது.
டெஜோவின் நாய்க்கும் எடுக்க வைத்தேன்.
முனகிக்கொண்டே எடுத்தான்.
டாக்டர் கெரெக்கெஷ் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
பாடப்புத்தகத்தில் போடலாம் என்றார்.

பிப்ரவரி. சமையலறைத் தரை.
எட்டு பிறந்தன. எட்டாவது மூச்சுவிடவில்லை.
துண்டால் தேய்த்துத் தேய்த்து
என் உள்ளங்கைதான் சூடானது.
மீதி ஏழின் கழுத்திலும் ஏழு நிறத்தில் நூல்.
மாவு நிறுக்கும் தராசில்
காலையும் மாலையும் நிறுத்தேன்.
பச்சை நூல் எப்போதும் இருபது கிராம் பின்தங்கும்.
பால் மிகுந்த பின்காம்பை
அதற்கென்று பிடித்துக் கொடுப்பேன்.

பழைய போர்வைகளைக் கொடுக்க
ஊர் எல்லையிலிருக்கும் காப்பகத்துக்குப் போனேன்.
எதெல்கா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.
"எத்தனை?"
"ஏழு. ஏழுக்கும் வீடு பார்த்துவிட்டேன்."
தலையை ஆட்டினாள்.
அவளுக்குப் பின்னால் கம்பிவலையில்
மூக்குகள்.
அந்த ஏழு வீடும் இங்கே வந்திருக்கும் என்று
அவள் சொல்லவில்லை.
திரும்பும் வழியில் நானே சொல்லிக்கொண்டேன்.
பதிலும் நானே சொன்னேன்:
கவனமானவர்கள் ஒதுங்கிக்கொண்டால்
கொட்டடியில் பூட்டி வைத்து
மடி வற்றுமுன் மறுபடி சினையாக்குகிறவன்
மட்டும்தானே மிஞ்சுவான்?
அந்தப் பதில் இன்றும் தவறில்லை.
அதை வைத்துக்கொண்டு தூங்கத்தான் முடியவில்லை.

ஏழு தாளில் கையால் எழுதிக் கொடுத்தேன்.
எந்த நாளானாலும், எந்தக் காரணமானாலும்
என்னிடமே திருப்பிக் கொண்டுவரவும்.
என்னிடம் சொல்லாமல் குட்டி எடுக்கக் கூடாது.

மூன்றாம் வருடம் டெப்ரெட்செனிலிருந்து போன்.
பச்சை நூலுக்கு வலிப்பு.
"படுத்தபடியே ஓடுகிறது" என்றார் அந்த மனிதர்,
"கால்கள் மட்டும் ஓடுகின்றன."
எக்ஸ்ரேயில் விழாதது அது.
ஜெம்லே கொடுத்ததா, டெஜோவின் நாய் கொடுத்ததா,
பாதிப் பாதியாய் இருவருமா?
டாக்டர் தோளைக் குலுக்கினார்.
"எதற்கு ஊரெல்லாம் பீதி?" என்றான் டெஜோ.

அன்றிரவு ஷிஃப்ட் முடிந்து
காலி டிராமிலேயே உட்கார்ந்து அழைத்தேன்.
ஆறு எண்கள். நான்கு பேர் எடுத்தார்கள்.
ஒருத்தி நன்றி சொன்னாள்.
ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.
மூன்றாமவர் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.
மஞ்சள் நூல் வீட்டுப் பையன்
என்னைப் பேசவே விடவில்லை:
"போன மாதம்தான் எங்களுக்கும், இபோயா அத்தை!
ஒன்பது! எல்லாம் போயாயிற்று.
ஒரே ஒரு ஈத்துதான்,
இவ்வளவு அழகான நாயை வைத்துக்கொண்டு..."

யார் யாருக்குக் கொடுத்தாய் என்றேன்.
ஒரு கார் நீலம் என்றான்.

பச்சை நூலை அழைத்து வந்துவிட்டேன்.
காலை ஆறுக்கு ஒரு மாத்திரை,
மாலை ஆறுக்கு ஒன்று.
ஷிஃப்டை அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார்கள்.
ஜெம்லேக்கு மகனை அடையாளம் தெரிந்ததா, தெரியாது.
உறுமினாள்,
பிறகு போர்வையில் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.

கடைசி நிறுத்தத்தில் யாராவது கேட்பார்கள்,
எங்கள் நாயை ஒருமுறை குட்டி போட விடலாமா என்று.
விடலாம் என்றும் கூடாது என்றும்
எனக்குச் சொல்ல வருவதில்லை.
எத்தனை வருடம் இதே போன் எண்ணை
வைத்திருப்பீர்கள் என்று கேட்பேன்.
சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.